மனித மூளையை எந்த வரிசையில் படிப்பது: தண்டிலிருந்து புறணி வரை வரைந்து கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூளையின் அமைப்பைப் படிக்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான்கு வண்ணம் பூசிய பக்கவாட்டுப் படம் ஒன்று, அதன் அருகில் ஒரு பட்டியல்: நெற்றி மடல் சிந்தனைக்கு, பிடரி மடல் பார்வைக்கு என்று. பட்டியல் ஒரே மாலையில் மனப்பாடமாகிவிடும். ஆனால் "வலது கால் மட்டும் பலமிழந்திருக்கிறது, பழுது எங்கே?" என்று கேட்டால் அந்தப் பட்டியலிலிருந்து விடை வராது. இடத்தின் பெயரும் பணியின் பெயரும் மனத்தில் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் பாதை இல்லை.

மருத்துவம், செவிலியர் படிப்பு, இயன்முறை மருத்துவம், உளவியல், உயிரியல் ஆகியவற்றில் முதன்முறையாக மூளையைத் தொடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழிருந்து மேலாக, உள்ளிருந்து வெளியாக, கையால் வரைந்துகொண்டே போக வேண்டும் என்பதுதான் முறை. புறணி, அதாவது பெருமூளையின் மேற்பரப்பாக அமைந்த சாம்பல் நிறத் தாள், கடைசிப் பகுதியில்தான் வரும். அதுவரை பொறுமையாக இருப்பவர்களுக்குப் புறணி எளிதாகிவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கோடில்லாத வெள்ளைத்தாள்கள், அழிப்பான், நான்கு வண்ணப் பென்சில்கள். வண்ணங்களுக்கு இப்போதே பொருள் கொடுத்துவிடுங்கள்: இயக்கத்துக்குச் சிவப்பு, உணர்வுக்கு நீலம், திரவம் நிறைந்த அறைகளுக்கு மஞ்சள், சாம்பல் நிறத் திரள்களுக்குப் பச்சை. கடைசித் தாள் வரை இது மாறக் கூடாது. பாதியில் வண்ணம் மாற்றியவர்கள் பத்தாம் படியில் பாதைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த முடியாமல் திணறுவார்கள்.

பார்த்து வரைய நான்கு கோணப் படங்கள் வேண்டும்: பக்கவாட்டுத் தோற்றம், நடுவில் பிளந்த உட்புறத் தோற்றம், அடிப்புறத் தோற்றம், கிடைமட்ட வெட்டுத் தோற்றம். பக்கவாட்டுப் படம் மட்டும் போதாது. புறணியின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்திருக்கிறது; கால் அசைவுக்கான பகுதியும் பார்வைக்கான பகுதியும் பெரும்பாலும் உட்புறத் தோற்றத்தில்தான் தெரியும்.

முன்னறிவாக இரண்டு போதும். நியூரானுக்கு உடலும் நீண்ட நாரும் உண்டு என்பது ஒன்று. உடல்கள் கூடிய இடம் சாம்பல் நிறம், கொழுப்புறை போர்த்திய நார்கள் கூடிய இடம் வெண்மை நிறம் என்பது மற்றொன்று. தண்டுவடத்தின் குறுக்கு வெட்டை ஒருமுறை பார்த்திருந்தால் மூன்றாம் படி இன்னும் எளிது.

2. திசைகளை முதலில் உறுதி செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னர் அதிகம் குழம்புகிறார்கள். தண்டுவடத்தில் முதுகுப்புறம் என்றால் பின்பக்கம், வயிற்றுப்புறம் என்றால் முன்பக்கம். பெருமூளையில் அதே முதுகுப்புறம் உச்சந்தலைப் பக்கம் ஆகிவிடுகிறது. வயிற்றுப்புறம் தாடைப் பக்கம் ஆகிறது. மனிதன் நிமிர்ந்து நிற்பதால் நரம்பு மண்டலத்தின் அச்சு நடுமூளைக்கு அருகில் மடங்குகிறது. அதுதான் காரணம்.

ஒரு தாளில் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து, மேல் முனையில் அதை முன்னோக்கி வளையுங்கள். கோடு நெடுகிலும் முதுகுப்புறத்தைச் சிறு அம்புகளால் குறியுங்கள். கீழே பின்னோக்கிப் போகும் அம்பு, வளைவுக்குப் பிறகு மேல் நோக்கும். ஒருமுறை வரைந்துவிட்டால் போதும்.

ஸ்கேன் படங்களுக்குத் தனி விதி உண்டு. எம்ஆர்ஐ, சிடி ஆகியவற்றின் கிடைமட்ட வெட்டுகள், படுத்திருப்பவரின் பாதப் பக்கம் நின்று பார்ப்பதுபோல் அமைக்கப்படுகின்றன. படத்தின் இடப்பக்கம் அவருடைய வலப்பக்கம். ஸ்கேன் பார்த்து வரையும் ஒவ்வொரு தாளிலும் "வலம்", "இடம்" என்று எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

3. மூளைத்தண்டை வரையுங்கள்

முதலில் தண்டு, ஏனென்றால் மேலே போகும் உணர்வும் கீழே வரும் கட்டளையும் இதன் வழியாகத்தான் போக வேண்டும். கீழிருந்து மேலாக முகுளம், பான்ஸ், நடுமூளை. அடிப்புறப் படத்தைப் பார்த்தால் பான்ஸ் புடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழ் குறுகுவது முகுளம், மேலே இரண்டு தடித்த தூண்கள் பிரியும் இடம் நடுமூளை.

மூன்றையும் வரைந்த பின் மண்டை நரம்புகளைப் பொருத்துங்கள். மூளையோடு நேராக இணையும் நரம்புகள் இவை; மேலிருந்து கீழாக எண்ணிட்ட 12 இணைகள். புதியவர்கள் 12 பெயர்களையும் செய்யுள்போல் ஒப்பிக்கிறார்கள். எங்கிருந்து புறப்படுகின்றன என்று கேட்டால் விழிக்கிறார்கள். கீழிருந்து நான்கு நான்காகப் பிரியுங்கள். 9 முதல் 12 வரை முகுளத்துக்கு. 5 முதல் 8 வரை பான்ஸுக்கு. இவற்றில் 6, 7, 8 ஆகியவை பான்ஸும் முகுளமும் சேரும் விளிம்பில் வெளிவரும். 3, 4 நடுமூளையிலிருந்து. 1, 2 தண்டைச் சேர்ந்தவையே அல்ல. வாசனையும் பார்வையும் நேராக முன்மூளைக்குப் போகின்றன. பதினொன்றாம் நரம்பின் பெரும்பகுதி கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஏறி வருவது. அதை மட்டும் விதிவிலக்காக ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நரம்பைப் பின்புறத்திலிருந்து வரையுங்கள். தண்டின் பின்பக்கமாக வெளிவருவது அது ஒன்றுதான். முன்பக்கம் வரைந்துவிட்டுப் படம் சரியாக இருப்பதாக நினைப்பது அடிக்கடி நேரும் பிழை.

பணிகளை இங்கே சுருக்கமாக எழுதினால் போதும். மூச்சின் தாளம், இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் அடிப்படைக் கட்டுப்பாடு முகுளத்தில். நடுமூளையின் பின்புறம் நான்கு சிறு புடைப்புகள்: மேலிரண்டும் கண்களையும் கவனத்தையும் ஒரு பொருளின் பக்கம் திருப்ப உதவுகின்றன, கீழிரண்டும் கேட்டல் பாதையின் நிறுத்தங்கள். தண்டின் நடுப்பகுதி நெடுக வலைபோல் பரவிய நியூரான் கூட்டம் விழிப்பு நிலையைக் காக்கிறது. சிறிய இடத்தில் ஏற்படும் பழுதும் ஒருவரைச் சுயநினைவிழக்கச் செய்வது இதனால்தான்.

4. சிறுமூளையைப் பின்னால் பொருத்துங்கள்

பான்ஸுக்கும் முகுளத்துக்கும் பின்னால், மூன்று இணைக் காம்புகளால் தண்டோடு ஒட்டியிருக்கும் பகுதி இது. மூளையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நியூரான்களில் 6,900 கோடி அளவுக்கு இங்கேதான் இருக்கின்றன.

"சமநிலைக்கு" என்று ஒற்றைச் சொல்லில் எழுதி முடித்துவிடாதீர்கள். சிறுமூளை அசைவைத் தொடங்குவதில்லை. நடந்துகொண்டிருக்கும் அசைவைத் திட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகிறது. இதில் பழுதுபட்டவருக்குக் கையில் பலம் இருக்கும். விரலால் தம் மூக்கைத் தொடச் சொன்னால் இலக்கை நெருங்க நெருங்க நடுக்கம் கூடும், விரல் தாண்டிப் போய்விடும்.

தாளின் ஓரத்தில் பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: சிறுமூளையின் வலப்பக்கம் உடலின் வலப்பக்கத்தையே கவனிக்கிறது. மூளையின் ஒரு பக்கம் உடலின் எதிர்ப்பக்கத்தைக் கவனிக்கிறது என்றே பழகிய மனம் இங்கே தவறும்.

5. புறணிக்கு முன் அறைகள்

திரவம் நிறைந்த அறைகளைக் கடைசிக்கு ஒத்திப்போடுவது வழக்கம். நான் இவற்றை நடுவில் வைப்பதற்குக் காரணம், எந்த வெட்டுப் படத்திலும் முதலில் கண்ணில் படுபவை இவைதான் என்பது. ஆழத்தில் உள்ள ஒவ்வொரு திரளுக்கும் இவை எல்லைச் சுவர்.

கீழிருந்தே வரையுங்கள். பான்ஸ், முகுளம் ஆகியவற்றுக்கும் சிறுமூளைக்கும் இடையே நான்காம் அறை. அதிலிருந்து நடுமூளையைத் துளைத்து ஏறும் மெல்லிய கால்வாய். அது சேரும் இடம் மூன்றாம் அறை. அடுத்த படியில் வரும் தலாமஸ் என்ற இரண்டு முட்டை வடிவத் திரள்களுக்கு நடுவே ஒரு கீற்றாக இருக்கும். அங்கிருந்து இரு பக்கமும் துளைகள் வழியாகப் பக்கவாட்டு அறைகள் திறக்கின்றன.

பக்கவாட்டு அறை ஆட்டுக்கொம்பு போல் வளைந்தது: நெற்றி மடலில் தொடங்கிப் பின்னோக்கிச் சென்று, கீழே சுருண்டு, பொட்டு மடலுக்குள் முன்னோக்கி வரும். நடுவில் ஒரு கிளை பிடரிப் பக்கம் நீளும். இந்த வளைவைக் கை தானாக வரையும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். கரு வளரும்போது பெருமூளை அரைக்கோளம் பின்னோக்கி வளர்ந்து கீழே சுருள்கிறது. அதோடு சேர்ந்து உள்ளே இருக்கும் பலவும் அதே வடிவில் சுருண்டுவிடுகின்றன. ஏழாம் படியில் இது கைகொடுக்கும்.

மூளைத் தண்டுவடத் திரவம் பெரும்பாலும் அறைகளுக்குள் உள்ள இரத்தநாளப் பின்னல்களில் சுரக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் சுரந்தாலும், எந்த நேரத்திலும் இருப்பது 150 மில்லிலிட்டர் அளவுதான். தொடர்ந்து வடிந்து புதுப்பிக்கப்படுகிறது. நான்காம் அறையின் துளைகள் வழியாக வெளியேறி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து, பெரும்பங்கு இறுதியில் இரத்தத்தில் கலக்கிறது.

அடுத்த படிக்குப் போகும் முன் ஒரு கேள்விக்குப் படத்தைப் பார்த்து விடை சொல்லுங்கள். நடுமூளையின் கால்வாய் அடைபட்டால் எந்த அறைகள் வீங்கும்? பக்கவாட்டு அறைகளும் மூன்றாம் அறையும் வீங்கும். நான்காம் அறை வீங்காது. திரவம் ஓடும் திசை புரிந்தவருக்கு இது ஒரு நொடி வேலை.

6. தலாமஸும் ஹைப்போதலாமஸும்

மூன்றாம் அறையின் இரு சுவர்களிலும் முட்டை வடிவில் தலாமஸ். கண், காது, தோல் ஆகியவற்றிலிருந்து புறணிக்குப் போகும் செய்திகள் இங்கே நியூரான் மாறிப் போகின்றன. வாசனை மட்டும் தலாமஸைத் தொடாமலே புறணியை அடைந்துவிடும். தலாமஸின் பின்புறத்தில் பார்வைக்கும் கேட்டலுக்கும் தனித்தனி முடிச்சுகள் உண்டு. நீலத்தில் இரண்டு புள்ளிகள் வைத்துக்கொள்ளுங்கள்.

தலாமஸைச் செய்தி கடத்தும் இடம் என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். போதாது. பார்வை முடிச்சுக்கு வந்து சேரும் இணைப்புகளில் கண்ணிலிருந்து வருபவை சிறு பங்குதான். புறணியிலிருந்து திரும்பி வருபவை அதைவிட அதிகம். எது மேலே போக வேண்டும் என்பதில் புறணிக்கும் பங்கு உண்டு. ஆகவே அம்புகளை இரு திசையிலும் போடுங்கள்.

அதற்குக் கீழே ஹைப்போதலாமஸ். எடை சுமார் 4 கிராம். உடல் வெப்பம், பசி, தாகம், உறக்க விழிப்புச் சுழற்சி, பிட்யூட்டரி வழியாக ஹார்மோன்கள் ஆகியவை இதன் பொறுப்பில். பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடம் இதன் அடியில், பிட்யூட்டரிக்கு நேர் மேலே. பிட்யூட்டரிக் கட்டி வளர்ந்தால் முதலில் இரு கண்களின் வெளிப்புறப் பார்வை மங்குவது ஏன் என்பது இந்த அண்மையிலேயே அடங்கியிருக்கிறது. பத்தாம் படியில் முழுமையாகப் புரியும்.

7. ஆழத்தில் உள்ள திரள்களும் அவற்றுக்கிடையே ஓடும் நார்க்கற்றையும்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. கிடைமட்ட வெட்டுப் படத்தை எடுங்கள். தலாமஸுக்கு வெளிப்புறத்தில் ஆப்பு வடிவில் ஒரு பச்சைத் திரள். அதன் வெளிப்பகுதி பியூட்டாமன், உட்பகுதி குளோபஸ் பாலிடஸ். பக்கவாட்டு அறையின் முன்கொம்புக்கு வெளிச்சுவராக இன்னொரு திரள்: காடேட்டின் தலை. காடேட்டின் வால் அறையின் வளைவைப் பின்தொடர்ந்து பொட்டு மடலுக்குள் இறங்கும். பொட்டு மடலில் உள்ள கீழ்க்கொம்பின் தரையில் ஹிப்போகாம்பஸ். அந்தக் கொம்பின் முன்முனையில் அமிக்டலா. ஐந்தாம் படியில் வளைவைப் பழகியவர்களுக்கு இவற்றைத் தேட வேண்டியதே இல்லை.

இப்போது முக்கியமான இடம். ஒரு பக்கம் தலாமஸும் காடேட்டும், மறுபக்கம் அந்த ஆப்பு. இவற்றுக்கு நடுவே வளைந்த வெண்மையான பட்டை ஒன்று விட்டுப்போயிருக்கும். அதுதான் உட்கூட்டு நார்க்கற்றை. புறணியின் பரந்த பரப்பிலிருந்து இறங்கும் இயக்கக் கட்டளைகள் எல்லாம் இந்தக் குறுகிய இடுக்கில் நெருங்கி வருகின்றன. உடலுக்கானவை அதன் பின்காலில், அதாவது பட்டையின் வளைவுக்குப் பின்னுள்ள பகுதியில், தலாமஸை ஒட்டி. அங்கே சிவப்பில் ஒரு வட்டம் போடுங்கள். புறணியில் நாணயம் அளவு பழுது கையை மட்டும் தொடலாம். அதைவிடச் சிறிய பழுது இங்கே ஏற்பட்டால் முகம், கை, கால் மூன்றும் ஒருசேரப் பலமிழக்கும்.

பணிகள்: காடேட், பியூட்டாமன், குளோபஸ் பாலிடஸ், நடுமூளையில் உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா, தலாமஸுக்குக் கீழுள்ள சிறு முடிச்சு ஆகியவை சேர்ந்து பேசல் கேங்லியா எனப்படுகின்றன. எந்த அசைவை விடுவிப்பது, எதை அடக்கி வைப்பது என்ற தேர்வு இங்கே நடக்கிறது. சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் டோபமைன் சுரக்கும் நியூரான்கள் அழியும்போது பார்க்கின்சன் நோய் தோன்றுகிறது. தசையில் பலம் இருந்தும் அசைவு தொடங்கத் தயங்குகிறது.

ஹிப்போகாம்பஸை "நினைவுக் கிடங்கு" என்று எழுதாதீர்கள். 1953இல் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்த இரு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் அகற்றப்பட்டது. பழைய நினைவுகளில் பல அவரிடம் இருந்தன; புதிய நிகழ்வுகள் பதியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து வரைவது போன்ற கைத்திறனை அவரால் நாளுக்கு நாள் மேம்படுத்திக்கொள்ள முடிந்தது. ஆகவே எழுத வேண்டியது: புதிய நிகழ்வுகளையும் செய்திகளையும் நிலைத்த நினைவாகப் பதிக்க ஹிப்போகாம்பஸ் தேவை, கைப்பழக்கத்துக்கு வேறு வழி உண்டு.

8. இப்போது புறணி: முதலில் பள்ளங்கள், பிறகு மடல்கள்

புறணி 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாம்பல் நிறத் தாள். மடிந்து மடிந்து மேடுகளும் பள்ளங்களுமாகக் கிடக்கிறது. ஒரு மடலின் எல்லை எங்கே என்பதைப் பள்ளம்தான் சொல்லும். அதனால் வண்ணம் பூசுவதைத் தள்ளிவைத்துவிட்டுப் பள்ளங்களைத் தேடுங்கள்.

முதலில் பக்கவாட்டுப் பெரும்பள்ளம். இது தெளிவானது; பிழைக்கு இடமில்லை. இதன் கீழ் உள்ளது பொட்டு மடல்.

அடுத்து மையப் பள்ளம். இங்கேதான் தடுமாற்றம். உச்சியின் மேல் விளிம்பில் நடுவுக்குச் சற்றுப் பின்னால் தொடங்கிக் கீழும் முன்னுமாகச் சாய்ந்து இறங்கும். பெரும்பாலும் பக்கவாட்டுப் பள்ளத்தைத் தொடாமல் நின்றுவிடும். நெற்றி மடலில் முன்பின்னாக ஓடும் பள்ளங்கள் குறுக்கே ஒரு பள்ளத்தில் போய் முட்டும். புதியவர்கள் அதையே மையப் பள்ளம் என்று குறித்துவிடுகிறார்கள். அது மையப் பள்ளத்துக்கு முன்னால் உள்ளது; ஒரு மேடு தள்ளிப் பின்னால் பாருங்கள். ஸ்கேனில் இன்னொரு அடையாளம் உண்டு: கைக்கான பகுதி, பின்னோக்கிப் புடைத்த குமிழாக, தலைகீழ் ஒமேகா வடிவில் தெரியும். அந்தக் குமிழை ஒட்டிப் பின்னால் போவதுதான் மையப் பள்ளம்.

மூன்றாவது பள்ளம் உட்புறத் தோற்றத்தில், உச்சி மடலையும் பிடரி மடலையும் பிரிப்பது. வெளிப்புறத்தில் அந்த எல்லை தெளிவாக இருக்காது. கற்பனைக் கோடாகத்தான் போட வேண்டும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இப்போது மடல்களுக்குப் பெயர் எழுதலாம்: மையப் பள்ளத்துக்கு முன் நெற்றி மடல், பின் உச்சி மடல், பக்கவாட்டுப் பள்ளத்துக்குக் கீழ் பொட்டு மடல், பின்கோடியில் பிடரி மடல். பக்கவாட்டுப் பள்ளத்தை விரித்தால் ஆழத்தில் இன்சுலா என்ற மறைந்த பகுதி தெரியும். படத்தில் தெரியாததால் விட்டுவிடாதீர்கள். உடலின் உள் உணர்வுகளிலும் சுவையிலும் அதற்குப் பங்குண்டு.

இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தை உட்புறத் தோற்றத்தில் வரைந்து முடியுங்கள். சுமார் 20 கோடி நார்கள் கொண்டது.

9. பணிகளை எழுதும் வரிசை

உறுதியான இடங்களிலிருந்து தொடங்கி, பலவும் கூடிச் செய்யும் பணிகளுக்குப் போங்கள். தலைகீழாகப் போனால் "ஆளுமை", "அறிவு" போன்ற பெரிய சொற்களைப் படத்தில் எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

மையப் பள்ளத்துக்கு உடனே முன்னுள்ள மேட்டைச் சிவப்பாக்குங்கள்: இயக்கக் கட்டளை. உடனே பின்னுள்ள மேட்டை நீலமாக்குங்கள்: தொடு உணர்வு. இரண்டிலும் உடல் தலைகீழாக விரிந்திருக்கிறது. கீழே முகமும் நாக்கும், நடுவில் கை, உச்சியில் இடுப்பு, விளிம்பைத் தாண்டி உட்புறத்தில் கால். விரல்களுக்கும் உதடுகளுக்கும் கிடைத்த பரப்பு முழு உடற்பகுதிக்குக் கிடைத்ததைவிடப் பெரியது. நுட்பம் எங்கே வேண்டுமோ அங்கே இடமும் அதிகம்.

பார்வை, பிடரி மடலின் உட்புறத்தில் கிடைமட்டமாக ஓடும் பள்ளத்தின் இரு கரைகளில். மேற்கரை காட்சியின் கீழ்ப்பாதியையும், கீழ்க்கரை மேற்பாதியையும் பெறுகிறது. கேட்டல், பொட்டு மடலின் மேற்பரப்பில், பக்கவாட்டுப் பள்ளத்துக்குள். ஒவ்வொரு காதின் செய்தியும் இரு பக்கமும் போவதால் ஒரு பக்கப் புறணி பழுதுபட்டாலும் எந்தக் காதும் செவிடாகாது.

அடுத்து மொழி. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இடது அரைக்கோளத்தில்தான். நெற்றி மடலின் கீழ்மேட்டில் பின்பகுதி புரோக்கா பகுதி. பொட்டு மடலின் மேல்மேட்டில் பின்பகுதி வெர்னிக்கே பகுதி. முன்னது பேச, பின்னது புரிந்துகொள்ள என்று இரண்டு சொல்லில் எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். நோயாளி முன் நிற்கும்போது உதவாது. புரோக்கா பகுதி மட்டும் சிறிதளவு பழுதுபட்டால் பேச்சு பெரும்பாலும் மீண்டுவிடும். நீடித்த பேச்சிழப்புக்கு அதைச் சுற்றியுள்ள புறணியும் அடியில் உள்ள வெண்மை நார்களும் சேர்ந்து சேதமாகியிருக்கும். அதனால் இரு பகுதிகளையும் புள்ளிகளாகக் குறிக்காமல், இடையே ஓடும் நார்க்கற்றையையும் ஒரு வளைகோடாக வரையுங்கள்.

வலது உச்சி மடலுக்கு இடம் விடுங்கள். அங்கே பழுதுபட்ட சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் இடப்பக்க உலகம் கவனத்திலிருந்து விலகிப் போகிறது. கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலப்பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டு, முடிந்தது என்று தாளை நீட்டுவார்கள். பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

நெற்றி மடலின் முன்பகுதிக்குத் திட்டமிடல், தூண்டுதலை அடக்குதல், சூழலுக்கேற்ப முடிவை மாற்றுதல் என்று எழுதுங்கள். இங்கே எல்லைக்கோடு போட முயலாதீர்கள்.

இரண்டு தவறான செய்திகளை இப்போதே களைந்துவிடலாம். மூளையில் 10 சதவீதம்தான் பயன்படுகிறது என்பது உண்மையல்ல. உறக்கத்திலும் மூளை முழுவதும் இயங்குகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள இந்த உறுப்பு, ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இடமூளை மனிதர், வலமூளை மனிதர் என்ற பிரிவும் அப்படித்தான். சில பணிகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன, ஆட்கள் சாய்ந்திருக்கவில்லை.

10. பாதைகளை இழுத்து, குறுக்கிடும் இடத்தைக் குறியுங்கள்

இதுவரை வரைந்தவற்றை ஒன்றாகக் கட்டுவது இந்தப் படி. புதிய தாளில் தண்டுவடம், முகுளம், பான்ஸ், நடுமூளை, தலாமஸ், புறணி என்று அடுக்காகக் கோடு போட்டு நடுவில் ஒரு செங்குத்துக் கோடு இழுங்கள். "எதிர்ப்பக்கம்" என்று சொல்வது எளிது. எங்கே எதிர்ப்பக்கமாகிறது என்பதில்தான் இடங்கண்டறிதல் இருக்கிறது.

இயக்கம்: புறணியின் சிவப்பு மேட்டிலிருந்து உட்கூட்டு நார்க்கற்றை வழியாக இறங்கி, முகுளத்தின் கீழ்ப்பகுதியில் பெரும்பாலான நார்கள் மறுபக்கம் தாவுகின்றன.

நுண்தொடுகை, மூட்டு நிலை உணர்வு: தண்டுவடத்தில் நுழைந்த பக்கத்திலேயே ஏறி, முகுளத்தில் தாவித் தலாமஸை அடைகின்றன.

வலி, வெப்பம்: தண்டுவடத்தில் நுழைந்த சிறிது தூரத்துக்குள்ளேயே தாவிவிடுகின்றன. முகத்தின் வலி நார்கள் தனி வழி: பான்ஸில் நுழைந்து, அதே பக்கமாக முகுளம் வரை இறங்கி, பிறகுதான் தாவுகின்றன. இந்த ஒரு வரியை அடிக்கோடிடுங்கள்.

பார்வை: இடது கண் வலது மூளைக்கு என்பது தவறு. ஒவ்வொரு கண்ணிலும் மூக்குப் பக்க விழித்திரையின் நார்கள் மட்டுமே தாவுகின்றன. அதனால் இரு கண்களும் காணும் காட்சியின் வலப்பாதி இடது மூளைக்கும், இடப்பாதி வலது மூளைக்கும் போகிறது. ஆறாம் படியில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே: தாவும் நார்களே மூக்குப் பக்கத்தவை, அவை பெறுவது வெளிப்புறக் காட்சியை, பிட்யூட்டரிக் கட்டி அழுத்துவது தாவும் இடத்தை.

11. உறைகளும் இரத்த நாளங்களும்

உறைகள் மூன்று: வெளியே தடித்த டியூரா மேட்டர், நடுவில் அரக்னாய்டு, மூளையோடு ஒட்டிய பியா மேட்டர். திரவம் பின்னிரண்டுக்கும் இடையே. உறைகளுக்கு இப்போதைக்கு இவ்வளவு போதும்.

இரத்த நாளங்களில் நேரம் செலவிடுங்கள். கழுத்தின் முன்புறமாக இரண்டு, பின்புறமாக இரண்டு என நான்கு தமனிகள் மேலே வருகின்றன. பின்னிரண்டும் சேர்ந்து பான்ஸின் முன்புறம் ஒன்றாகி ஏறும். எல்லாம் மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. அங்கிருந்து மூன்று பெருந்தமனிகள் ஒவ்வொரு அரைக்கோளத்துக்கும்: முன் தமனி உட்புறப் பரப்புக்கு, நடுத்தமனி வெளிப்பரப்புக்கு, பின் தமனி பிடரி மடலுக்கும் பொட்டு மடலின் அடிப்பகுதிக்கும்.

ஒன்பதாம் படியின் தாளை அருகில் வைத்துப் பாருங்கள். கால் உட்புறத்தில், எனவே முன் தமனி. முகமும் கையும் மொழியும் வெளிப்பரப்பில், எனவே நடுத்தமனி. பார்வை பின் தமனியில். தனியாக மனப்பாடம் செய்ய எதுவும் மிஞ்சாது.

12. பழுதைக் கொடுத்து இடத்தைக் கேளுங்கள்

தாள்களை மூடிவிட்டுக் கீழுள்ளவற்றுக்கு விடை தேடுங்கள். இவை படிப்புக்கான பயிற்சிகள். நேரில் ஒருவருக்குத் திடீரென முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ இடம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பக்கவாதத்தில் நிமிடங்கள் கணக்காகும்.

வலது முகமும் வலது கையும் தளர்ந்திருக்கின்றன, கால் ஓரளவு நன்றாக இருக்கிறது, பேச்சு வரவில்லை: இடது நடுத்தமனி. வலது கால் மட்டும் தளர்ந்திருக்கிறது: இடது முன் தமனியை முதலில் நினையுங்கள். இரு கண்களிலும் வலப்பாதிக் காட்சி இல்லை, தளர்ச்சியும் இல்லை: இடது பிடரி மடல். வலது முகம், கை, கால் மூன்றும் ஒரே அளவில் தளர்ந்து, உணர்வும் பேச்சுத்திறனும் கெடவில்லை: இடது உட்கூட்டு நார்க்கற்றையின் பின்காலில் சிறு பழுதாக இருக்கலாம். வலது கை பலத்தோடு இருந்தும் இலக்கைத் தவறவிடுகிறது: வலது சிறுமூளை.

கடைசியாக ஒன்று. ஒருவருக்கு வலது முகத்தில் வலியும் வெப்பமும் தெரியவில்லை. உடலிலோ இடப்பக்கத்தில் தெரியவில்லை. குரல் கம்மியிருக்கிறது, விழுங்க முடியவில்லை. புறணியிலிருந்து தேடுபவர்கள் இங்கே நின்றுவிடுகிறார்கள். அங்கே முகமும் உடலும் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவை. பத்தாம் படியில் அடிக்கோடிட்ட வரிக்கு வாருங்கள். உடலின் வலி நார்கள் தண்டுவடத்திலேயே தாவி முடித்தவை; முகத்தினுடையவை முகுளத்தில் இன்னும் தாவாதவை. இரண்டும் அருகருகே இருக்கும் இடம் முகுளத்தின் ஓரப்பகுதி. முகம் வலப்பக்கம் என்பதால் பழுதும் வலப்பக்கம். குரலும் விழுங்குதலும் 9, 10ஆம் நரம்புகளின் வேலை. மூன்றாம் படியில் பார்த்தபடி அவை முகுளத்துக்கு உரியவை. விடை: முகுளத்தின் வலது ஓரம்.

இது வரவில்லை என்றால் பத்தாம் படியின் தாளைப் பார்க்காமல் மறுபடி வரையுங்கள். எந்தக் கோட்டில் கை தயங்குகிறதோ, படிக்க வேண்டியது அந்தக் கோடு மட்டும்தான்.